ராயபுரத்திலிருந்து மலைக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

துறைமுக ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் இந்தப் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் நான் போய்வந்தவன் என்பதால், என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு வாரமாக நச்சரிக்கிறார். நான் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் ரைட்டர். கண்ணால் பார்த்ததை எழுதுவது என் பிழைப்பு. அதனால் எழுதுகிறேன். ஒரு தாளில் முடியாது என்று மட்டும் இப்போதே தெரிகிறது.

முதலில் கால். வேண்டுதல்காரன் செருப்புப் போடக் கூடாது. ஆகவே ஒரு மாதம் முன்னாலேயே வெறுங்காலோடு நடந்து பழகுங்கள். நான் பழகவில்லை. பதினைந்து வருஷமாக மேஜைக்குக் கீழே சும்மா கிடந்த கால் என்னுடையது. படுக்கும் முன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் ஊடே இழுத்து, நூலை அப்படியே விட்டுவிட்டால் நீர் தானாக வடியும். உப்புத் தண்ணீரில் கழுவினால் ஆறிவிடும் என்று மீனவக் குப்பத்துக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் காலுக்கு ஆறும். நான் ஒருமுறை கழுவிவிட்டு, நாலு பேர் பார்க்கக் குழந்தை மாதிரி அழுதேன்.

நான் போனது என் மனைவி தனத்துக்காக. அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பத்து நாள் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், கரையவில்லை என்றால் அறுக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் குந்தியிருப்பதைத் தவிர வேலை இல்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாதான் வழி சொன்னாள்.

"இன்னா ரைட்டரே, ஆம்பள நீ இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற? எங்க கோஷ்டி சனிக்கெழம கெளம்புது. பெருமாள நடந்து போய்ப் பாரு. தனத்த அவரு பாத்துக்குவாரு."

தனத்திடம் சொன்னேன். "போய்ட்டு வா" என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அவள் அம்மா கூட இருந்தாள். தம்பி ஏழுமலை வியாசர்பாடியில் இருக்கிறான், ரயில்வேயில் ஃபிட்டர், தினமும் வந்து பார்ப்பான். குறை ஒன்றும் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும் முன் மூன்று வீட்டில் பிச்சை எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய உத்தியோகமானாலும் சரி. நாமம் போட்ட சொம்பைப் பிடித்துக்கொண்டு "கோவிந்தா" என்று வாசலில் நிற்க வேண்டும். அரிசி ரேஷனில் கிடைத்த காலம் அது. ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள், அதையும் யோசித்துத்தான் போட்டார்கள். என் மேலதிகாரி வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் என்னை அடையாளம் தெரியாமல் "கை வேலையா இருக்கு, போய் வா" என்றாள். நாலாவது வீடு தேட வேண்டியதாயிற்று.

மற்றவர்கள் செங்குன்றம் வழியாகப் போகும் பெரிய ரோட்டில் போவார்கள். எங்கள் கோஷ்டி கடலோரமாகவே போகும், திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு என்று. ஒவ்வொரு குப்பத்திலும் அவர்களுக்குப் பெண் கொடுத்த வீடோ எடுத்த வீடோ இருக்கிறது. தலைவர் தேசப்பன், கட்டுமரக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவரையும் என்னையும் சேர்த்து பதினாலு பேர். பாத்திரங்களும் பெருமாள் படமும் ஒரு தள்ளுவண்டியில்.

விடியற்காலையில் புறப்பட்டோம். காசிமேடு தாண்டும்வரை எல்லாருக்கும் உற்சாகம். துறைமுகத்து நிலக்கரித் தூசி அந்த நேரத்திலும் நாக்கில் கரகரத்தது. டோல்கேட்டில் வண்டியின் கடையாணி எங்கோ விழுந்துவிட்டது. சக்கரம் ஒரு பக்கம் உருண்டுபோய் ஒரு டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றது. பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. டிரைவர் ஒருவர் இறங்கி வந்து எங்கள் பாட்டன் முப்பாட்டனை எல்லாம் விசாரித்தார். பெருமாள் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தம் லாரியிலிருந்தே ஒரு ஆணி எடுத்துக் கொடுத்தார். மேஜைக்காரரே, கடையாணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே போலீஸ்காரர் ஒருவர் மூட்டைகளைச் சோதித்தார். மதுவிலக்கு வந்த புதிது. மோர்ப்பானையை மோந்து பார்த்தார். திருப்தி இல்லை, மறுபடி மோந்தார்.

"மோருதான் நைனா," என்றாள் கன்னியம்மா. "ஒரு வாய் குடிச்சுத்தான் பாரேன். நாங்க இன்னா சாராயத்தத் தூக்கிகினா சாமி பாக்கப் போவோம்?"

அவர் குடித்தார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எங்களை நிரபராதிகள் என்று விட்டார்.

சாப்பாட்டைப் பற்றி. புரட்டாசி என்பதால் கோஷ்டியில் யாரும் மீன் தொட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்தவர்கள், வழி நெடுக மீன் காயும் வெயிலில், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கருவாட்டு வாசம் அடிக்கும்போதெல்லாம் தேசப்பன் "கோவிந்தா" என்று கொஞ்சம் பலமாகவே சொல்வார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அன்று காலையில்தான் கடைசியாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது மத்தியானம். தார் ரோடு கொதித்தது. நான் ஓரத்து மண்ணில் நடந்தேன், அதில் நெருஞ்சி. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தபோது வெற்றிலைக் கடைக்காரர் வந்து, ராயபுரத்து ரைட்டரைத் தேடிச் சைக்கிளில் ஒரு ஆள் வந்து விசாரித்ததாகச் சொன்னார். காக்கிச் சட்டை, நெற்றியில் தழும்பு என்றார். ஏழுமலைதான்.

நான் எழுந்தேன். தேசப்பன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

இதை நன்றாகப் படியுங்கள். இது எந்தக் கோஷ்டித் தலைவரும் கிளம்பும்போது சொல்ல மாட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரன் மலை ஏறக் கூடாது, தீட்டு. பாதி வழியில் சேதி வந்தால் அங்கேயே மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருவன் திரும்பினால் கோஷ்டிக்கே ஆகாது என்று அவர்கள் எண்ணம். ஆனால் தீட்டு சாவினால் வருவதில்லை, கேட்பதனால் வருகிறது. கேட்காதவனுக்குத் தீட்டு இல்லை. அதனால் எல்லை தாண்டிய பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் இவர்கள் காது கொடுப்பதில்லை. குப்பத்து ஜனங்களுக்கும் இது தெரியும். ஆகையால் யாரும் சேதி அனுப்புவதும் இல்லை.

"அப்படியும் ஒருத்தன் தொரத்திகினு வரான்னா இன்னா அர்த்தம் ரைட்டரே?" என்றார் தேசப்பன். அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "நல்ல சேதியா இருந்தா வந்து தெரிஞ்சிக்கலாம். கெட்ட சேதின்னா, இப்ப கேட்டு நீ இன்னா பண்ணிடுவ? போன உசுர இட்டாரப் போறியா? யாரு பேர்ல வேண்டிகினியோ அவங்களுக்காச்சும் இந்தப் புண்ணியம் போய்ச் சேரட்டும். கேக்காத. நட."

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! ஏழுமலை குப்பத்தைச் சேர்ந்தவன் இல்லை, இந்த வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. தனம் போய்விட்டாள் என்று அந்தப் படியிலேயே முடிவு செய்துகொண்டேன். கோயில் மண்டபத்துக் கூட்டத்துக்குள் என்னை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தயிர்ச்சோறும் ஊறுகாயும் இலையில் வந்தது. சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்து புறப்பட்டு, எர்ணாவூர், கத்திவாக்கம் என்று நடந்து இருட்டுவதற்குள் எண்ணூர் போனோம். கத்திவாக்கத்தில் உப்பளத்து வேலை முடிந்து பெண்கள் எதிரே வந்தார்கள். தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி என்னைக் காட்டிச் சொன்னது எனக்குப் புரிந்தது: "சாமியைப் பார்க்கப் போகிற முகமா இது? ஜெயிலுக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருக்கிறானே." இன்னொருத்தி, "பாவம், கால் வலியாக இருக்கும்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

எண்ணூரில் நல்ல தண்ணீர் கிடைக்காது. எல்லாம் உப்பு கரிக்கும். திருவொற்றியூரிலேயே கூஜாவில் நிரப்பிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு உறவுக்காரர் வீட்டில் இடம் கொடுப்பார்கள், வலைமேலேயே படுக்கலாம். மெத்தையைவிட சுகம் என்பார் தேசப்பன். கொசுவும் அப்படித்தான் நினைத்தது. ராயபுரத்துக் கொசுவுக்குக் கொஞ்சம் தயவு தாட்சண்யம் உண்டு, எண்ணூர்க் கொசுவுக்கு அதெல்லாம் கிடையாது.

மறுநாள் காலை முகத்துவாரத்துக்குப் போனோம். அங்கே ஆறு கடலோடு சேர்கிறது, பாலம் இல்லை. அக்கரைக் காட்டுப்பள்ளிக்குப் படகில்தான் போக வேண்டும். ஒரே படகு. தள்ளுவண்டியைச் சக்கரம் கழற்றி ஏற்றினோம். பதினாலு பேரும், இரண்டு ஆடும், ஆட்டுக்காரரும். ஆட்டுக்காரர் இறங்கமாட்டேன் என்றார், ஆடுகள் ஏறமாட்டோம் என்றன. அந்தக் கூச்சல் முடிந்து படகு கரையை விட்டு ஒரு ஐம்பது முழம் போயிருக்கும்.

சைக்கிள் மணி கேட்டது. ஏழுமலை சைக்கிளை மணலில் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீர்வரை ஓடி வந்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"கோவிந்தா!" என்றார் தேசப்பன். "எல்லாரும் சொல்லுங்க. கோவிந்தா!"

பதினாலு பேரும் கத்தினோம். கன்னியம்மா என் தலையைத் தன் பக்கம் திருப்பி, என் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளும் தனம் செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள். நானும் கத்தினேன், எல்லாரையும்விடப் பலமாக. ஆடுகள் மிரண்டு கத்தின. ஏழுமலையின் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கையை ஆட்டினான். பிறகு கையைத் தொங்கவிட்டு அப்படியே தண்ணீரில் நின்றான்.

அதற்கப்புறம் வழியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காட்டுப்பள்ளியில் கணுக்கால் புதையும் மணல், பழவேற்காட்டில் ஏரி, காளத்தி ரோட்டில் புளியமரங்கள், எல்லாம் இருந்தன. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வண்டிமாடு ஒன்று என் துண்டைத் தின்றுவிட்டது. எங்கே என்ன சாப்பிட்டோம், யார் வீட்டில் படுத்தோம் என்று தேசப்பன் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். நான் நடந்துகொண்டே தனத்துக்குக் காரியம் செய்துகொண்டிருந்தேன். நெருப்பு வைத்தேன், எலும்பு பொறுக்கினேன், கடலில் கரைத்தேன். மறுபடி முதலிலிருந்து.

மலையில் மொட்டை போட்டுக்கொண்டேன். பெருமாளை எல்லாருக்கும் போல எனக்கும் ஒரு கணம் காட்டினார்கள். தனத்தின் ஆத்மா நல்ல கதி அடையட்டும் என்று கும்பிட்டேன். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் நான் கிளம்பினேன். அந்த ஒன்றை அங்கே நின்று கேட்கவே இல்லை.

திரும்பும்போது ரயில். சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். கதவு திறந்திருந்தது. ஏழுமலை தரையில் உட்கார்ந்திருந்தான், என்னைப் போலவே மொட்டைத் தலையோடு. அக்காவுக்குக் கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை.

"எப்ப?" என்று கேட்டேன்.

"நீ படகுல போனல்ல மாமா, அதுக்கு மறாநாள் காலையில."

எனக்கு முதலில் விளங்கவில்லை. படகில் போனபோது அவள் உயிரோடு இருந்தாளா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை வேறு யாரோ கேட்பது போல இருந்தது.

"உசுரோடதான் இருந்திச்சு. நீ கெளம்பின அன்னிக்கே வலி ஜாஸ்தியாப் பூடுச்சு. டாக்டரு இன்னான்னாரு, இன்னிக்கோ நாளைக்கோ அறுத்துட்டாப் பொழைச்சுக்கும், அப்பால தன் கையில இல்லன்னாரு. அக்கா ஒத்துக்கல. கத்தின்னா அதுக்கு பயம்னு உனக்குத் தெரியும்ல. 'அவரு வரட்டும், அவரு பக்கத்துல இருந்தா அறுத்துக்கறேன்'னு ஒரே புடியா நின்னுச்சு. நானும் அம்மாவும் கால்ல வுழாத கொற. அதான் உன்ன இட்டாரலாம்னு மொத நாளு திருவொத்தியூருக்கு வந்தேன், கெடைக்கல. மறாநாளு எண்ணூருக்கு வந்தேன்."

அவன் இதைச் சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. நான் சண்டையைத்தான் எதிர்பார்த்தேன். காலைப் பிடித்திருப்பேன், அடி வாங்கியிருப்பேன். அவனோ, மாமா சாப்டியா என்று கேட்டான்.

அவள் சம்மதிக்காமலே அன்று பொழுது போயிருக்கிறது. மறுநாள் விடியும்போது கட்டி உள்ளேயே உடைந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான். சரி, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள். அதைச் சொல்லவேண்டியவன் அவளுக்காகப் புண்ணியம் சேர்க்கப் போயிருந்தான்.

சாயங்காலம் தேசப்பன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். அவர் பொய் அழுகை அழுகிறவர் இல்லை. போகும்போது என்னைத் தேற்றுவதற்காக அவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"ரைட்டரே, நீ கேட்டது இன்னிக்குத்தான். தீட்டு இன்னிலேர்ந்துதான். உன் யாத்திரைக்கு ஒரு கொறையும் இல்ல."

ஆகவே மேஜைக்காரரே, என் யாத்திரை பழுதில்லாமல் முடிந்தது. விளக்கெண்ணெய், ஊசி நூல், கூஜா, கடையாணி இரண்டு. கோஷ்டியில் யார் என்ன சொன்னாலும் சரி, உங்களைத் தேடி ஒருவன் வந்தால் நின்று கேளுங்கள். செத்தவர்களைப் பற்றித்தான் சேதி வரும் என்று எங்களைப் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருப்பவர்களும் ஆள் அனுப்புவார்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பார்த்ததை, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என் வேலை. மேலே ஒரு இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சொன்னான்: "எண்ணூர்லேர்ந்து வந்ததும் அக்கா கேட்டுச்சு மாமா, அவரு இன்னா சொன்னாருன்னு. காத்து எதிர்க்க அடிச்சிச்சுக்கா, நான் கத்தினது அவருக்குக் கேக்கலன்னு சொல்லிட்டேன். 'அதான பாத்தேன், கேட்டிருந்தா ஓடியாந்திருப்பாரே'ன்னுச்சு. யாரு கேட்டாலும் நீயும் அப்டியே சொல்லிடு. காத்து எதிர்க்க அடிச்சிச்சுன்னு."

இரண்டு வருஷமாக அப்படியே சொல்லி வந்தேன். இந்தத் தாளிலும் எனக்குக் கேட்கவில்லை என்றே எழுதினேன். அன்று காற்று அவன் நின்ற கரையிலிருந்துதான் எங்கள் படகின் பக்கம் அடித்தது. "மாமா, அக்கா உன்னக் கூப்புடுது" என்று அவன் முதலில் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாகக் கேட்டது. கேட்ட பிறகுதான், அடுத்து என்ன சொல்வானோ என்ற பயத்தில், நான் கோவிந்தா என்று கத்த ஆரம்பித்தேன்.